வேலனும் தோழியும்: நோயைக் கேட்கும் கலைகள்

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஓர் ஆய்வு மாணவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நீண்டகால நோய் ஒரு குடும்பத்தை எப்படி மாற்றுகிறது என்பது அவருடைய ஆய்வு. முதல் இரண்டு முறை ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவர், மூன்றாம் முறை பெரிய வெள்ளைத் தாள்களும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் கொண்டுவந்தார். அம்மாவைப் பார்த்துக்கொண்டது அண்ணி. அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, “நோய் வந்ததுக்கப்புறம் உங்க வீடு எப்படி இருக்குன்னு வரைங்கக்கா” என்றார் மாணவி.

அண்ணி கோலம் போடுவார். தாளில் படம் வரைந்து முப்பது வருடம் இருக்கும். கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு வரைந்தார். நடுவில் கட்டில், அதில் அம்மா. ஃபிஸ்டுலா போட்ட இடது கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. தலைமாட்டில் ஒரு நாளுக்கு அளந்து வைத்த தண்ணீர் பாட்டில், அதில் கோடுகள். டிவி, டிவிக்கு முன்னால் நாற்காலி, நாற்காலியில் முதுகைக் காட்டியபடி அண்ணன். தரையில் பிள்ளைகள். வாசலில் வாரம் மூன்று நாள் வரும் ஆட்டோ. எல்லாரும் இருந்தார்கள், அண்ணியைத் தவிர.

“நீங்க எங்கக்கா இருக்கீங்க?”

“நான் அடுப்படில இருக்கேன். செவுத்துக்கு அந்தப் பக்கம்.”

ஆய்வேடு முடிந்ததும் மாணவி எனக்கு ஒரு பிரதி தந்தார். அண்ணியின் படம் முழுப் பக்கத்தில் அச்சாகியிருந்தது. பெயர் மாற்றப்பட்டிருந்தது. ‘தன்னை அழித்துக்கொள்ளுதல்’ என்ற உட்தலைப்பின் கீழ், பராமரிக்கும் பெண் தன் வீட்டுச் சித்திரத்திலேயே தனக்கு இடமில்லாமல் போகிறாள் என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் ‘ஆண்களின் விலகல்’ என்ற தலைப்பில் அண்ணனின் முதுகு. பெண்ணியம் படித்தவளான எனக்கு இரண்டு வாசிப்பும் உடனே சரியென்று பட்டன. அந்தப் பக்கங்களை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“அழிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வீட்ல யாரும் என்னைக் கூப்பிடாம பத்து நிமிஷம் நிக்கற எடம் அதுதான். அதை எதுக்கு வரைஞ்சு காட்டணும்?”

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தச் சிரிப்பு. கலையைக் கொண்டு நோயை விசாரிக்கும் ஆய்வுமுறை இன்று நம் பல்கலைக்கழகங்களிலும் பேசப்படுகிறது. சமூகப்பணி, உளவியல், பெண்ணியல் துறை மாணவிகள் அதை ஆர்வத்தோடு எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அதை ஆதரிப்பவள். எனவேதான் அது எங்கே தவறுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

*

முதலில், அந்த மாணவி பென்சிலை ஏன் எடுத்தார் என்பதற்கு நியாயம் செய்துவிடலாம். முந்தைய இரண்டு நேர்காணல்களின் எழுத்துவடிவத்தையும் நான் படித்தேன். அண்ணி நிறையவே பேசியிருந்தார். உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பது, இளநீரைக் கண்ணில் காட்டாதது, ஃபிஸ்டுலா கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதது, காலையில் அந்தக் கையில் விரல் வைத்து வண்டு முரலுவதுபோன்ற அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இருந்தன. ஆனால் பெரும்பாலான வாக்கியங்கள் ‘அத்தைக்கு’ என்றுதான் தொடங்கின. ‘எனக்கு’ என்று தொடங்கிய வாக்கியம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பராமரிக்கும் பெண்ணிடம் கேள்வி கேட்டால் அவள் நோயாளியைப் பற்றி அறிக்கை தருகிறாள். கேட்பவர் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் அவளிடம் கேட்கப்படுவதெல்லாம் அதுதானே.

மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1988இல் வெளிவந்த தன் நூலில், மருத்துவர் உடலில் கண்டறியும் கோளாறு வேறு, நோயாளியும் குடும்பமும் வாழ்ந்து அனுபவிப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள் தேவைப்பட்டன. தமிழில் ‘நோய்’ என்ற சொல் ‘நோதல்’ என்பதிலிருந்து வருவதால், வலிப்பவரின் பக்கம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க் 1995இல் எழுதிய நூலில் இன்னொன்றைச் சொன்னார். குலைந்துபோன வாழ்வுக்கு நடுவில் இருப்பவரால் அதைக் கதையாகச் சொல்ல முடியாது. ‘அப்புறம் இது, அப்புறம் அது’ என்று அடுக்கத்தான் முடியும். நேர்காணலோ வரிசையான கதையை எதிர்பார்க்கிறது. தாளுக்கு வரிசை வேண்டாம். கை பெரிதாக இருக்கலாம், தலை இல்லாமல் இருக்கலாம். சொல்ல வராததை வைக்க அதில் இடம் உண்டு. இதுவரை எனக்கு மறுப்பில்லை.

*

இந்த முறையின் வரலாற்றில் என்னை அதிகம் பாதித்தது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனை ஒட்டிய கயலிட்சாவில் நடந்தது. 2001இல் அங்கே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. அப்போது அந்நாட்டு அரசு அந்த மருந்துகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தது. அரசு மருத்துவமனைகள் வழியாகப் பரவலாக மருந்து தரும் திட்டத்தை 2003 இறுதியில்தான் ஏற்றது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜோனதன் மோர்கன் ‘நினைவுப் பெட்டி’ என்றொரு திட்டத்தை நடத்திவந்தார். இறந்துபோகப் போகிற தாய், தன் பிள்ளைகளுக்காகப் படங்களையும் கதைகளையும் பொருள்களையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பாள். இதற்கு முன்பே உகாண்டாவில் எச்ஐவியோடு வாழும் தாய்மார்கள் பிள்ளைகளுக்காக ‘நினைவுப் புத்தகம்’ எழுதிவந்தார்கள்.

2002இல் ஓவியர் ஜேன் சாலமன், கயலிட்சாவின் பம்பனானி பெண்கள் குழுவோடு சேர்ந்து உடல் வரைபடங்களை உருவாக்கினார். பம்பனானி என்றால் ஹோசா மொழியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். ஆளுயரத் தாளில் ஒருத்தி படுப்பாள்; இன்னொருத்தி அவள் உடலைச் சுற்றிக் கோடிழுப்பாள். பிறகு அந்தக் கோட்டுக்குள் தழும்புகளையும் குழந்தை பிறந்ததையும் கிருமியையும் மருந்தையும் தனக்குத் தெரிந்த வடிவில், தான் விரும்பிய நிறத்தில் அவள் வரைவாள். 2003இல் இந்தப் படங்களும் அந்தப் பெண்களின் சொற்களும் ‘லாங் லைஃப்’ என்ற நூலாக வந்தன. தலைப்பே நீண்ட ஆயுள். சாவுக்குத் தயாராகச் செய்த பெட்டியின் இடத்தில், மருந்து கிடைத்ததும், வாழப்போகிற உடலின் படம் வந்துவிட்டது. அந்தப் படங்கள் ஆய்வுத் தரவாக மட்டும் நிற்கவில்லை. மருந்து எல்லாருக்கும் வேண்டும் என்ற கோரிக்கையின் சாட்சியாகவும் நின்றன.

இந்த முறையில் ஒரு சிறு ஏற்பாடு உண்டு. படுத்திருப்பவளின் உருவத்துக்குப் பின்னால் இன்னொரு உருவத்தின் கோடும் இழுக்கப்படுகிறது. அது அவளைத் தாங்குகிறவரின் உருவம். கயலிட்சாவில் பின்னால் நின்றவளும் நோயுற்றவள்தான். இன்று பின்னால் நிற்பவள் நாளை தாளில் படுப்பாள். தாங்குவதும் தாங்கப்படுவதும் கைமாறிக்கொண்டே இருந்தன.

இந்த ஏற்பாட்டை நம் வீடுகளுக்குள் அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? அம்மாவின் உடலுக்குப் பின்னால் அண்ணியின் கோடு விழும். அப்பாவுக்கு வந்திருந்தால் அம்மாவின் கோடு, அண்ணனுக்கு வந்தாலும் அண்ணியின் கோடு. அண்ணிக்கு வந்தால்? நான் என் மாணவிகளிடம் இதைக் கேட்டிருக்கிறேன். ‘அவங்க அம்மா’ என்று பதில் வரும், அல்லது மௌனம். நம் குடும்பத்தில் பின்னால் நிற்கும் கோடு கைமாறுவதில்லை. எனவே நோயாளியின் படத்தை மட்டும் வரைய வைக்கும் ஆய்வு, அது எவ்வளவு கலைநயத்தோடு நடந்தாலும், நிழலை நிழலாகவே விட்டுவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த மாணவி அண்ணி கையில் பென்சிலைக் கொடுத்தது இந்த வகையில் பெரிய காரியம். அவர் இடறியது அதற்கு அடுத்த அடியில்.

*

என் துறை தமிழ் இலக்கியம் என்பதால் அந்த அடுத்த அடி எனக்கு வெறியாட்டு வழியாகத்தான் புரிந்தது. மகள் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள். குடும்பத்துக்குக் காரணம் தெரியவில்லை. வேலனை அழைக்கிறார்கள். களம் அமைத்து, கண்ணி சூடி, பாடி ஆடி, கழங்கு பார்த்து, இது முருகனால் வந்தது என்கிறான். யோசித்துப் பார்த்தால், குடும்பத்தில் ஒருத்திக்கு வந்த நோயைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் விசாரிக்கும் முறையே அது. கலைக்கு அங்கே குறைவில்லை. ஆனால் விசாரணை தவறுகிறது. காரணம், குறியைப் படிக்கும் உரிமை முழுவதும் வேலனிடம் இருக்கிறது. எதைக் கண்டாலும் முருகன் என்று சொல்ல அவன் வரும்போதே தயாராக வருகிறான். உரியவளிடம் ஒரு வார்த்தை கேட்கப்படுவதில்லை.

வெறியாட்டைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர்பெற்ற பெண்கவியின் பாட்டு அகநானூற்றில் 22ஆவதாக இருக்கிறது. முதுபெண்டிர் சொன்னபடி வெறியாட்டு நடந்த அதே இரவில் காதலன் ஒளிந்து வந்து சேர்கிறான். நோய் தணிகிறது. சம்பந்தமே இல்லாத வேலனுக்காக வீடு இத்தனை பாடுபட்டதை எண்ணித் தலைவி சிரிக்கிறாள். வகுப்பில் பல வருடங்கள் நடத்திய பாட்டு. அண்ணி சிரித்தபோதுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. விசாரிக்கப்பட்டவள், விசாரணையின் முடிவைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

மாணவி ‘தன்னை அழித்துக்கொள்ளுதல்’ என்று எழுதியது வேலன் ‘முருகு’ என்று சொன்னதைப் போலத்தான். அந்தச் சொல் படத்திலிருந்து வரவில்லை. அவர் படித்த நூல்களிலிருந்து வந்தது. நானும் அதே நூல்களைப் படித்தவள் என்பதால் எனக்கும் உடனே சரியென்று பட்டது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெண்ணியக் கோட்பாடும் ஒரு கழங்காக மாறிவிட முடியும்.

அதே சங்கப் பாடல்களில் வேலனுக்கு மாற்றாக ஒருத்தி இருக்கிறாள். குறுந்தொகையில் ஔவையாரின் 23ஆம் பாட்டு. குறி சொல்லும் அகவன்மகள் மலைகளைப் பாடி வருகிறாள். தோழி அவளைத் தடுப்பதில்லை, பொய் என்று சண்டையிடுவதுமில்லை. அவனுடைய குன்றைப் பாடினாயே, அதை இன்னொரு முறை பாடு என்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு அதிலிருந்தே உண்மை புலப்படும். தலைவியின் ரகசியத்தை எடுத்து வெளியே போடாமல், எங்கே காது கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் தோழி காட்டுகிறாள். எவ்வளவு சொல்ல வேண்டும், எப்போது, யாரிடம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் தலைவியின் பக்கத்தில் நிற்கிறாள். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் வேறெங்கும் காணவில்லை.

இது பழம்பெருமைக்காகச் சொல்வதல்ல. 2012இல் டொரண்டோவில் டெனீஸ் கஸ்டால்டோவும் உடனாய்வாளர்களும், ஆவணங்கள் இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களோடு உடல் வரைபட ஆய்வு செய்து ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். அதில் படம் தனியாக வருவதில்லை. வரைந்தவரின் வாழ்க்கைச் சுருக்கம் தன்மைக் கூற்றில் வரும். படத்தில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் அவர் சொன்ன விளக்கம் திறவுகோலாக வரும். அதாவது படிக்கும் உரிமையில் பெரும்பங்கு வரைந்தவரிடமே இருக்கிறது. அண்ணியிடம் அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவரும் பதில் சொன்னார். அதற்குமேல் ஒரு கேள்வி, ‘அந்தப் பக்கம் எப்படி இருக்குக்கா?’ என்று கேட்டிருந்தால் போதும்.

*

மாணவியைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அண்ணனின் முதுகு விஷயத்தில் நடந்ததற்கு நானே பொறுப்பு. ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனது நான். அதை மேசைமேல் விட்டுவிட்டு வந்ததும் நான். அண்ணன் புரட்டிப் பார்த்தார். ‘விலகல்’ என்ற சொல்லையும் தன் முதுகையும் பார்த்தார். டயாலிசிஸுக்காக வண்டியை விற்றது, இரண்டு வருடம் இரவுப் பணி வாங்கிக்கொண்டது எதுவும் அந்தத் தாளில் இல்லை. ஒரு மாதம் அவர் அண்ணியோடு சரியாகப் பேசவில்லை. ஒப்புதல் படிவத்தில் அண்ணி கையெழுத்திட்டிருந்தார், அம்மாவும் கையெழுத்திட்டிருந்தார். அண்ணன் எதிலும் கையெழுத்திடவில்லை, ஆனாலும் அச்சாகியிருந்தார். நேர்காணலில் ஒருவர் தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்கிறார். குடும்பப் படத்தில் ஒருவர் வீட்டையே வரைந்துவிடுகிறார். பெயரை மாற்றினால் ஊருக்குத் தெரியாமல் போகலாம். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அந்த நாற்காலி யாருடையது என்று தெரியாதா? அதன் விலையை யார் கொடுப்பார்கள்? எங்கள் வீட்டில் அண்ணி கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. அம்மாவின் ஃபிஸ்டுலா கையைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதி வெளியிட்டேன். அந்த அதிர்வை வண்டென்று சொன்னது நல்ல உவமை என்று பலர் பாராட்டினார்கள். அந்தச் சொல் அண்ணியுடையது. தினமும் காலையில் விரல் வைத்துப் பார்த்தவர் அவர்; நான் மாதம் இரண்டு முறை வருபவள். கவிதையில் மகள் இருந்தாள், அம்மா இருந்தாள். அண்ணி படித்துவிட்டு, “நல்லா இருக்கு. இதுல நான் எங்க?” என்றார். ஆய்வு மாணவி அவரைக் கேட்ட கேள்வியை அவர் என்னிடம் கேட்டார். படத்தில் தன்னை வரையாதது அவருடைய விருப்பம். கவிதையில் அவரைச் சேர்க்காதது என் அலட்சியம். இந்த இரண்டையும் ஒன்றென எண்ணக்கூடாது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

நேர்காணலைக் கவிதையாக்கும் ஆய்வுமுறையும் இதே இடத்தில்தான் சிக்குகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் லோரல் ரிச்சர்ட்சன் 1992இல், மணமாகாமல் தாயான ஒரு பெண்ணின் முப்பத்தாறு பக்க நேர்காணலை மூன்று பக்கக் கவிதையாக்கினார். அந்தப் பெண்ணின் சொற்களையே பயன்படுத்தினார். துணிச்சலான காரியம்தான், சமூக அறிவியலின் வறட்டு நடையை அது கேள்வி கேட்டது. ஆனால் கவிதை எழுதுபவளாக எனக்குத் தெரியும்: எந்தச் சொல்லை விடுவது, வரியை எங்கே உடைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதில்தான் கவிதை முழுவதும் இருக்கிறது. சொற்கள் அவளுடையவையாக இருக்கலாம். முடிவுகளை எடுத்தவர் ஆய்வாளர். அதை ‘அவளுடைய குரல்’ என்று சொல்வதற்கு முன்னால் அந்த மூன்று பக்கத்தை அவளிடம் கொடுத்து, அடிக்க அவள் கையில் ஒரு பேனாவும் கொடுக்க வேண்டும்.

தானே படமெடுத்து, தானே படித்தவள் ஒருத்தியும் உண்டு. பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்சுக்கு 1982இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவமனைக்குப் போகுமுன் தன் மார்பின்மேல் அது தனக்குச் சொந்தமா என்று கேள்விக்குறியோடு எழுதிப் படமெடுத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்குறியை ஒவ்வோர் ஆய்வாளரும் தன் தரவுக்குப் பக்கத்தில் போட்டுவைக்கலாம். இது யாருக்குச் சொந்தம்?

*

எனவே இந்த முறையைக் கையிலெடுக்கும் மாணவிகளிடம் நான் இப்போது சில விஷயங்களைக் கேட்கிறேன். பென்சிலைக் கொடுக்குமுன், வரையாமல் இருக்கவும் உரிமை உண்டு என்று சொன்னீர்களா? அப்படிச் சொல்லாதபோது வெற்றிடத்தை வைத்து எந்த முடிவும் எழுத முடியாது. படத்தில் வரும் மற்றவர்களை என்ன செய்யப்போகிறீர்கள்? வரைந்தவரோடு உட்கார்ந்து, யார் இதைப் பார்த்தால் அவருக்கு என்ன நேரும் என்று ஒவ்வோர் ஆளாகப் பேசினீர்களா? உங்கள் விளக்கத்தை முதலில் கேட்பவர் உங்கள் நெறியாளரா, வரைந்தவரா? அவர் சிரித்தால் அந்தச் சிரிப்பையும் எழுதுவீர்களா? மூலப் படம் கடைசியில் யாரிடம் இருக்கும்?

நேரத்தையும் கேட்கிறேன். மூன்று மணி நேரப் பயிலரங்குக்கு ஒரு பராமரிப்பாளரை அழைத்தால் அந்த மூன்று மணி நேரம் நோயாளியை யார் பார்ப்பார்கள்? டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் வராந்தாவில் காத்திருக்கும் பெண்களிடம் நேரம் இருப்பதாகத் தோன்றும். அது அவர்கள் உட்கார்ந்து கண்ணயரும் நேரம். அதையும் ஆய்வுக்காக எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடாக என்ன தருவீர்கள்? வரைவது மனதுக்கு நல்லது என்பது பதிலாகாது. கயலிட்சாவில் படங்களோடு மருந்தும் இருந்தது, மருந்துக்கான போராட்டமும் இருந்தது.

இந்தக் கேள்விகளுக்குப் பிறகும் இந்த முறை வேண்டும் என்றே சொல்வேன். அண்ணியின் ‘செவுத்துக்கு அந்தப் பக்கம்’ இரண்டு நீண்ட நேர்காணல்களில் வராமல், ஒரு தாளில் வரையாமல் விட்டதால்தான் வெளியே வந்தது.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. இதை எழுதி முடித்து அண்ணிக்கும் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். அண்ணன் வண்டி விற்றதைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்திருக்கிறேன். அண்ணி இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். படத்தை இந்தக் கட்டுரையோடு வெளியிடலாமா என்று கேட்டேன்.

“அது வேணாம்மா. அதை வாங்கி எங்கிட்டயே குடுத்துடச் சொல்லு.”

மாணவியிடம் பேசினேன். மூலப் படத்தைத் தபாலில் அனுப்பிவைத்தார். இப்போது அது அண்ணியின் அலமாரியில் இருக்கிறது.